மைனஸ் நாலரை

இது நடந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் பேய்க் கதை சொல்கிற ரகம் இல்லை. கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, 'இது தெளிவா, அது தெளிவா' என்று வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருப்பவள். தெரியாத எழுத்தைத் தெரிகிறது என்று சாதிப்பவர்களை எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிடும். என்னிடம் யாரும் ரீல் விட முடியாது, நானும் விடமாட்டேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

என் வீட்டுக்காரர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். காகிதத்தில் ஒரு புள்ளி விடுபட்டாலும் பிடித்துவிடுவார். ஆனால் கண்ணாடியைக் கழற்றினால் எதிரில் நிற்பது நானா, அலமாரியா என்று தெரியாது. கண்ணாடி வாங்கத்தான் முதன்முதலில் என் கடைக்கு வந்தார். "கண்ணாடி இல்லாம பாத்தப்ப ரொம்பப் பிடிச்சுப்போச்சு. போட்டதுக்கு அப்புறம் திருப்பிக் குடுக்க வழியில்ல" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். வலது கண் மைனஸ் நாலரை, இடது கண் மைனஸ் நாலு. பதினெட்டு வருடமாக நான்தான் சோதிக்கிறேன். அந்தக் கணக்கு மாறியதே இல்லை.

அவர், நான், என் தம்பி, மூன்று பேருக்கும் ஒரே பைத்தியம். நட்சத்திரம் பார்ப்பது. சும்மா அண்ணாந்து பார்ப்பது இல்லை. சில நட்சத்திரங்களின் ஒளி கூடும், குறையும். பக்கத்தில் உள்ள மாறாத நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு, இன்றைக்கு எவ்வளவு ஒளி என்று கண்ணாலேயே மதிப்பிட்டு எண்ணாகச் சொல்ல வேண்டும். புதிதாக வால்நட்சத்திரம் ஏதாவது கண்டுபிடிக்கப்பட்டால் அதற்கும் இதே வேலைதான். மூன்று பேரும் ஒரே தொலைநோக்கியில் பார்த்து, மூன்று எண்ணையும் சேர்த்து, இதையெல்லாம் சேகரிக்கும் ஒரு சங்கத்துக்கு அனுப்புவோம்.

எங்களுக்கென்று மூன்று சட்டங்கள் உண்டு. ஒன்று, வெளிச்சம் கூடாது. இருட்டுக்குக் கண் பழக அரைமணி நேரம் ஆகும், ஒரு நொடி வெளிச்சம் போதும் அத்தனையும் பாழாக. கைபேசிகளைக்கூட ஓர் அறையில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போவோம், நேரம் பார்க்க ரேடியம் முள் கடிகாரம்தான். இரண்டு, பார்த்தவர் எண்ணைச் சொல்லக் கூடாது. அடுத்தவர் மனசு அதற்கு இழுபட்டுவிடும். 'பாத்துட்டேன்' என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துகொள்ள வேண்டும். எல்லோரும் பார்த்து முடித்த பிறகுதான் எண்கள். மூன்று, கண்ணாடி போட்டவர் கழற்றிவிட்டுப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் கண் வைக்கும் லென்ஸில் கீறல் விழும். கண்ணாடி இல்லாவிட்டால் என்ன, ஃபோகஸ் குமிழைத் திருகித் தம் கண்ணுக்குச் சரிசெய்துகொள்ளலாம். எனக்கும் தம்பிக்கும் பவர் கிடையாது, ஒரே இடத்தில் தெளிவாகத் தெரியும். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டுப் போனால் மட்டும் குமிழ் உள்பக்கமாகக் கால் சுற்றுத் திரும்பியிருக்கும். ஒவ்வொரு முறையும் திட்டிக்கொண்டே சரிசெய்வேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் தொலைநோக்கியில் எல்லாமே தலைகீழாகத் தெரியும். நட்சத்திரத்துக்கு மேல் என்ன, கீழ் என்ன, அதனால் யாரும் கவலைப்படுவதில்லை. எப்போதாவது சாயங்கால வெளிச்சத்தில், தூரத்துப் பேருந்து தலைகீழாக ஓடுவதைத் தம்பி காட்டுவான், பார்த்துச் சிரிப்போம்.

பார்ப்பதெல்லாம் தண்ணீர்த் தொட்டியின் மேல்தான். தம்பி குடிநீர் பம்ப் ஆபரேட்டர். ஊருக்கு மேற்கே ஒரு குன்று, அதன் மேல் பெரிய சிமெண்டுத் தொட்டி. சாவி அவனிடம். எங்கள் வீடு இரண்டு கிலோமீட்டர் தள்ளி, கிழக்கே, கீழே. வீட்டு மொட்டைமாடியில் தெருவிளக்கு நேராக வந்து விழும். அந்த விளக்கைச் சபிக்காமல் அவர் ஒருநாளும் தூங்கியதில்லை.

அன்றைக்கு அவருக்கு மூன்றாவது நாளாகக் காய்ச்சல். நூற்றிரண்டு.

அவருக்குப் பிடித்த நட்சத்திரம் ஒன்று உண்டு. வருடக்கணக்கில் ஒரே மாதிரி ஒளிரும். திடீரென்று சொல்லாமல் கொள்ளாமல் மங்கிப்போகும், எப்போது திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. அதற்கு அவர் வைத்த செல்லப்பெயர் 'கோவக்காரி'. என்னைக் கிண்டல் செய்யத்தான், வேறெதற்கு. புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டிருந்த ஒரு வால்நட்சத்திரம் அன்றைக்கு விடிகாலை அந்தக் கோவக்காரிக்குப் பக்கத்தில் வருகிறது. ஒரே ஒரு நாள்தான் அப்படி. மாதக்கணக்கில் அதற்காகக் காத்திருந்தார்.

நான் போகமாட்டேன் என்றேன். அவர் மாடி அறையில் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு என் கையைப் பிடித்தார். கை கொதித்தது.

"நீங்க ரெண்டு பேரும் போங்க. எனக்கும் சேத்துப் பாரு."

"இந்தக் காய்ச்சல்ல உங்களத் தனியா விட்டுட்டா?"

"நாலு மணி நேரத்துல நான் எங்க போயிடப்போறேன்?"

மாத்திரை கொடுத்தேன். கண்ணாடியைத் தலைமாட்டில் வைத்தேன். மொட்டைமாடிக்குப் போகும் கதவை நானே உள்ளிருந்து தாழிட்டேன். கீழ்க் கதவை வெளியே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டேன். இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

தொட்டி மேல் ஏறும்போது மணி 3.05. துருப்பிடித்த இரும்பு ஏணி. காற்றே இல்லை. காலுக்குக் கீழே, சிமெண்டுக்கு அடியில், தண்ணீர் மெதுவாக மோதிக்கொண்டிருந்தது. க்ளக்... க்ளக்... வழக்கமான சத்தம்தான்.

கண் பழகியதும் தம்பி வால்நட்சத்திரத்தைப் பிடித்துவிட்டான். ஊதிவிட்ட பஞ்சு மாதிரி இருந்தது. பக்கத்திலேயே கோவக்காரி. அவ்வளவு அழகு. அவர் இல்லையே என்று இருந்தது.

3.48. முதல் சுற்று.

நான் பார்த்தேன். "பாத்துட்டேன்."

தம்பி பார்த்தான். "பாத்துட்டேன்."

எண்களைச் சொன்னோம். அவனுக்கும் எனக்கும் சின்ன வித்தியாசம்தான். காபி குடித்தோம். பத்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்று நான் குனிந்தேன்.

மங்கல்.

குமிழ் உள்பக்கமாகத் திரும்பியிருந்தது. கால் சுற்று. தம்பியின் கை பட்டிருக்கும் என்று நினைத்துச் சரிசெய்தேன். பழக்கதோஷம், மனசுக்குள் ஒரு திட்டும் வந்தது. யாரைத் திட்டுகிறேன் என்று அப்போது யோசிக்கவில்லை.

4.06. இரண்டாம் சுற்று.

"பாத்துட்டேன்" என்றேன்.

"பாத்துட்டேன்" என்றான் தம்பி.

தம்பி காபிக் குப்பியைத் திருகி மூடினான்.

"பாத்துட்டேன்."

"ஏன்டா ரெண்டு தடவ சொல்ற?"

"நான் ஒரு தடவதான் சொன்னேன். நீதானே இப்ப சொன்ன?"

"நான் சொல்லல."

தம்பி சிரித்தான். நானும் சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றது.

தொலைநோக்கியிடம் போனேன். கண் வைத்தேன். மங்கல். கால் சுற்று. உள்பக்கம்.

கண் வைக்கும் லென்ஸைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் உண்டு. பனியில் அது ஐஸ் மாதிரி இருக்கும். அப்போது சூடாக இருந்தது. உடம்புச் சூடு இல்லை, அதற்கும் மேல்... காய்ச்சல்காரர் நெற்றியைத் தொட்டால் இருக்குமே, அந்தச் சூடு.

என் தொழில் எனக்குத் தெரியும். இந்த லென்ஸில், இந்தக் குமிழில், கால் சுற்று என்றால் எவ்வளவு பவர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

மைனஸ் நாலரை.

பேய் என்று தோன்றவில்லை. அவருக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் தோன்றியது. செத்துப்போனவர்கள்தானே இப்படி வருவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். தம்பியின் கையைத் தேடிப் பிடித்து இழுத்தேன். தொலைநோக்கியிலிருந்து பத்தடி தள்ளி இருவரும் நின்றோம்.

"அக்கா, என்ன?"

"பேசாத. கேளு."

தண்ணீர் மோதும் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை.

4.19.

க்ரிக்... க்ரிக்...

குமிழ் திரும்பும் சத்தம். இருட்டில், எங்களுக்கு எதிரே, பத்தடியில்.

தம்பியின் விரல்கள் என் கையை நொறுக்கின.

"பாத்துட்டேன்."

அவர் குரல்தான். காய்ச்சலில் கரகரத்த குரல்.

என் இன்னொரு கையில், ஏணியில் இறங்குவதற்கென்று கொண்டுவந்த டார்ச் இருந்தது. விசையில் கட்டைவிரல் இருந்தது. அழுத்தவில்லை. பதினெட்டு வருடப் பழக்கம், ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது வெளிச்சம் போட என் விரல் பணியவில்லை. போட்டால் அவர் போய்விடுவாரோ என்ற பயமும் இருந்தது. இன்றைக்கும் அந்த விரலைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வரும்.

"ஏங்க..." என்றேன்.

பிறகு, தொலைநோக்கி நகரும் சத்தம். கனமான குழாய் மெதுவாகக் கீழ்நோக்கிச் சாய்ந்தது. கிர்ர்ர்... நின்றது.

நான் போனேன். தம்பி தடுத்தான், உதறிவிட்டுப் போனேன்.

குழாய் வானத்தைப் பார்க்கவில்லை. கிழக்கே, கீழே, ஊரைப் பார்த்தது.

கண் வைத்தேன். குமிழைத் திருகினேன். தெளிந்தது.

எங்கள் வீடு.

தலைகீழாக. தெருவிளக்குக் கம்பம் தலைகீழ். கைப்பிடிச் சுவர் தலைகீழ். மாடிக் கதவு தலைகீழ்.

மொட்டைமாடியில் ஓர் ஆள். அவருடைய சட்டை. அவருடைய உயரம்.

உயிரோடு இருக்கிறார்! அந்த நிமிடம் எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வேன். அழுதேவிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன்.

அப்போதுதான் புரிந்தது.

வீடு தலைகீழ். கம்பம் தலைகீழ்.

அவர் மட்டும் நேராக இருந்தார்.

அப்படியென்றால் அங்கே, நிஜத்தில், தலை மாடித் தரையைத் தொட்டுக்கொண்டு... கால்கள் ஆகாயத்தில்...

ஒரு கையை வளைத்துக் கண்ணில் வைத்திருந்தார். தொலைநோக்கியில் பார்ப்பது போல.

என்னை.

"டேய்!" என்று கத்தினேன். யாரைப் பார்த்துக் கத்தினேன், எதற்குக் கத்தினேன்... இரண்டு கிலோமீட்டர். என் கண் அந்த மாடியில் இருந்தது, நான் இங்கே இருந்தேன். அவ்வளவு பக்கத்தில் தெரிந்தது. கை நீட்டினால் எட்டிவிடும் போலத் தெரிந்தது. எட்டாது.

அந்த உருவம் கையை இறக்கியது.

திரும்பியது.

மாடிக் கதவைப் பார்த்து நடந்தது. அப்படியே. தலையால்.

நான் தாழிட்ட கதவு திறந்தது.

என் காதுக்கு அருகில், சூடாக, ஒரு மூச்சு.

"அது நான் இல்ல."

எப்படி ஏணியில் இறங்கினேன் என்று தெரியாது. முகம் இடித்து, முழங்கை பிய்ந்து, இறங்கினேன். தம்பி பம்ப் அறையைத் திறந்து, பூட்டி வைத்திருந்த கைபேசியை எடுத்துக் கொடுத்தான். அழைத்தேன்.

மணி ஒருமுறை அடித்தது. இரண்டு. மூன்று. நான்கு.

"சொல்லு. என்னாச்சு?"

அவர் குரல். தெளிவாக. கரகரப்பே இல்லை.

"மாமாதான்க்கா! நல்லாத்தான் இருக்காரு!" என்று தம்பி அழுதுகொண்டே சிரித்தான்.

வீட்டுக்குப் போனோம். கீழ்க் கதவு பூட்டியபடியே இருந்தது. மேலே ஓடினேன். மாடிக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நெற்றியைத் தொட்டேன், ஜில்லென்று இருந்தது. காய்ச்சல் போய்விட்டது. கட்டிக்கொண்டு அழுதேன். காய்ச்சல்காரரைத் தனியாக விட்ட பயத்தில் என்னென்னவோ கண்டுவிட்டோம் என்று தம்பி சொன்னான். எனக்கும் அப்படி நம்பத்தான் ஆசை. நம்பினேன்.

கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் எடுக்கப் போனேன். அறையின் அந்தக் கோடியில், கதவருகே, அரை இருட்டில் நின்றிருந்தேன்.

"கன்னத்துல துரு ஒட்டியிருக்கு, தொடச்சுக்கோ" என்றார்.

துடைத்துக்கொண்டே கீழே போனேன். பாதிப் படியில் நின்றுவிட்டேன்.

கண்ணாடி தலைமாட்டில் மடக்கியபடியே இருந்தது. நான் வைத்த இடத்தில்.

அதற்குப் பிறகு அவர் அதைத் தொடவே இல்லை. ஒருநாள் கேட்டேன். "இல்லாமலே தெரியுது, எதுக்கு?" என்றார். கடைக்குக் கூட்டிப்போய் நாற்காலியில் உட்காரவைத்தேன். எழுத்துப் பலகையின் கடைசி வரிசையைப் படித்தார். அதற்கும் கீழே, ஓரத்தில் அச்சகத்தின் பெயர் பொடி எழுத்தில் இருக்கும், அதையும் படித்தார். வலது கண் பூஜ்யம். இடது கண் பூஜ்யம்.

என் கருவியில் கோளாறு என்று நினைத்து, எனக்குத் தெரிந்த கண் டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். கண்ணின் நீளத்தையே அளந்தார்கள். அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். டாக்டரம்மா கோபமாக இருந்தார்.

"பதினெட்டு வருஷமா மைனஸ் நாலரை போட்டுக் குடுத்தேன்னா சொல்றீங்க?"

"ஆமாங்க."

"கிட்டப்பார்வைன்னா கண்ணே நீளமா வளந்திருக்கும். அது சுருங்காது, எந்த மருந்துலயும் சுருங்காது. இந்தக் கண்ணு சாதாரண நீளம். இதுக்கு என்னைக்குமே பவர் இருந்திருக்க முடியாது. நீங்க வேற யாரையோ டெஸ்ட் பண்ணியிருக்கீங்க."

நான் எழுந்து வெளியே வந்தேன். அவர் நடைபாதையின் அந்தக் கோடியிலிருந்தே என்னைப் பார்த்துச் சிரித்துக் கையசைத்தார்.

யாரிடம் சொல்வது? சொன்னால் யார் என்ன செய்ய முடியும்? காணவில்லை என்று புகார் கொடுக்கலாமா, அதே ஆள் வீட்டில் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கும்போது? நன்றாகத்தான் நடந்துகொள்கிறார். வேலைக்குப் போகிறார். என்னைக் கிண்டல் செய்கிறார், அதே பழைய கிண்டல்கள். ஒன்று மட்டும், தெருவிளக்கைத் திட்டுவதில்லை. ராத்திரியில் மாடிக்குப் போய் அதன் கீழ் நிற்கிறார்.

தம்பி அந்த நாளுக்குப் பிறகு தொட்டி மேல் ஏறுவதில்லை. சாவியை மட்டும் தருவான், முகத்தைப் பார்க்காமல். நான் தனியாகப் போகிறேன். வானம் தெளிவாக இருக்கிற ஒவ்வொரு இரவும்.

வால்நட்சத்திரம் போய்விட்டது. கோவக்காரியை மட்டும் பார்ப்பேன். "பாத்துட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பத்தடி தள்ளி நிற்பேன். டார்ச் கொண்டுபோவதில்லை.

க்ரிக்... க்ரிக்...

"பாத்துட்டேன்."

அவ்வளவுதான் சொல்வார். நான் எவ்வளவோ கேட்டுப் பார்த்துவிட்டேன். எப்படி வீட்டுக்குக் கூட்டிவருவது, என்ன செய்ய வேண்டும், எங்கே தேட வேண்டும்... பிறகு போய் ரப்பர் வளையத்தில் நெற்றியை வைத்துக்கொள்வேன். சூடு இருக்கும். இன்னும் காய்ச்சல் விடவில்லை. ஒரு மாத்திரைகூட என்னால் கொடுக்க முடியாது. குமிழைத் திருப்புவதில்லை. மங்கலாகவே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வருவேன்.

வீட்டில் இருப்பவரிடம் இதில் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. கடைக் கணக்கு இருக்கிறது, தாமதமாகும் என்றுதான் சொல்வேன்.

நேற்று இரவு சாப்பிடும்போது அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடி இல்லாத அந்தக் கண்கள்.

"நாளைக்கு நானும் தொட்டிக்கு வர்றேன்."

அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தேன்.

"மூணு பேரா பாத்து ரொம்ப நாளாச்சுல்ல?"

தம்பி வருவதில்லை என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

இதை எழுதும்போது சாயங்காலம் 6.40. நான் கடையில் ஒளித்துவைத்திருந்த தொலைநோக்கியை அவரே எடுத்துவந்து, கீழே வண்டியில் ஏற்றும் சத்தம் கேட்கிறது. இத்தனை வருடத்தில் முதல்முறையாக, மேகம் வரட்டும் என்று வேண்டிக்கொண்டு ஜன்னல் அருகே நிற்கிறேன்.

ஒன்றுகூட இல்லை.